படகு வார்க்கும் கையால் ஒரு விண்கலம்

பருத்தித்துறை முனையிலிருந்து வல்வெட்டித்துறை வரை கடற்கரை வீதியால் போகிறவர்களுக்கு இரண்டு வாசனைகள் பழக்கமானவை. ஒன்று கருவாடு, மற்றது ரெசின். எங்காவது ஒரு படகு கவிழ்த்துப் போடப்பட்டிருக்கும். அதன் அடிப்பகுதியில் ஒருவர் பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு வாளி, ஒரு ரோலர், கிழித்து வைத்த வெள்ளைப் பாய்த் துண்டுகள் கிடக்கும். கண்ணாடியிழைப் படகைத் திருத்தும் இந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்துக் கடந்திருப்போம்.

அடுத்த முறை சற்று நின்று, கவிழ்ந்து கிடக்கும் படகை அதன் அணியப் பக்கமாகப் பாருங்கள். கூரிய மூக்கு, இரு பக்கமும் விரியும் வளைவு, பின்னால் இயந்திரம் பூட்டும் தட்டையான முடிவு. அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் விண்கலத்துக்கும் இதற்கும் உருவத்தில் பெரிய தூரமில்லை. செய்முறையில் அந்தத் தூரம் இன்னும் குறைவு.

12 அடி நீளமான விண்கல மாதிரி ஒன்றை, பிரித்துப் பூட்டக்கூடிய துண்டுகளாகக் கண்ணாடியிழையில் எப்படி வடிவமைத்து வார்ப்பது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. விளையாட்டுப் பொருளுக்கு ஏன் இவ்வளவு விளக்கம் என்று கேட்கலாம். போரிலும் ஆழிப்பேரலையிலும் தொழிலையே இழந்து மீண்ட ஒரு கரைக்கு, அந்த விளையாட்டுக்குள் ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

விண்கலங்களை யார் கட்டினார்கள்?

1968இல் வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ திரைப்படத்தில் வரும் ‘டிஸ்கவரி’ விண்கலம் கணினியில் வரையப்பட்டதல்ல. 54 அடி நீளமான மாதிரி ஒன்றும், தூரக் காட்சிகளுக்காக 15 அடி மாதிரி ஒன்றும் கையாற் கட்டப்பட்டன. மரம், கண்ணாடியிழை, உலோகம் எல்லாம் அதற்குப் பயன்பட்டன. மேற்பரப்பிலுள்ள நுணுக்கமான இயந்திரப் பகுதிகள் பலவும், கடையில் விற்கும் பிளாஸ்ரிக் மாதிரிப் பொதிகளிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட துண்டுகள்தான்.

குப்ரிக்குடன் சேர்ந்து அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். திருகோணமலைச் சுவாமிமலையடியில் கடலுக்குள் சுழியோடி, பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களில் ஒருவராகவும் அவரை நாம் அறிவோம்.

இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ‘ஸ்டார் வோர்ஸ்’ வரிசையில் 1980இல் வந்த ‘த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்துக்காக ‘மில்லேனியம் பால்கன்’ விண்கலம் முழு அளவில் கட்டப்பட்டது. அதைக் கட்டிய இடம் வேல்ஸ் நாட்டிலுள்ள பெம்புரோக் டொக் என்ற துறைமுகப் பட்டினம். ஒரு காலத்தில் கடற்படைக் கப்பல்கள் கட்டிய ஊர் அது. உலகப் போரின்போது கடலில் இறங்கும் விமானங்களை நிறுத்திய பழைய கொட்டகை ஒன்றுக்குள், 1979இல், இரும்பு வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளர்கள் அந்த விண்கலத்தை எழுப்பினார்கள். பிறகு துண்டு துண்டாகக் கழற்றி லண்டனுக்கு அருகிலுள்ள படப்பிடிப்புத் தளத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். படத்துக்கு வேண்டிய பெரிய உடலைக் கட்டத் தெரிந்தவர்கள் ஒரு கப்பல் ஊரிலேயே கிடைத்தார்கள்.

நம் கரையின் கணக்கு

அப்படிப் பார்த்தால் வடமராட்சிக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாறிய அந்தக் கப்பல், வல்வெட்டித்துறைக் கடலோடிகளுடன் புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டிய மேத்திரிமாரின் அறிவு கையிலும் கண்ணிலும் இருந்தது.

மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு வந்த மாற்றத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தனி இடமுண்டு. 1956இல் நோர்வே சென்ற குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரத்தின் முயற்சியால் 1967இல் ‘சீநோர்’ நிறுவனம் உருவானது. காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகளும் குருநகரில் மீன்பிடி வலைகளும் தயாரிக்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் கட்டுமரமும் மர வள்ளமும் இருந்த இடத்துக்குப் படிப்படியாகப் பைபர் படகு வந்தது.

பிறகு போர் வந்தது. தொழிற்சாலைகள் செயலிழந்தன. கடலுக்குப் போகும் தூரம், நேரம், இயந்திரத்தின் குதிரைவலு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. கடற்புலிகளின் படகுகளும் கண்ணாடியிழையால் ஆனவை என்பதால், சாதாரண மீனவரின் படகும் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டது. ஒவ்வொரு இடப்பெயர்வின்போதும் கரையில் விட்டுப் போன படகுகள் திரும்பி வந்தபோது இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, போரில் மிஞ்சியதையும் கடல் எடுத்தது.

அதன்பின் நிவாரணமாகப் பல படகுகள் கொடுக்கப்பட்டன. குறுகிய காலத்தில் பெருந்தொகையாகக் கட்டப்பட்டதால், இலங்கை முழுவதும் அவற்றுட் பல தரக்குறைவாக இருந்தது பின்னர் தெரியவந்தது. எங்கே பிழைத்தது என்பதை விளங்கிக்கொள்ள, படகாயினும் விண்கலமாயினும் கண்ணாடியிழை எப்படி உருவெடுக்கிறது என்பது தெரிய வேண்டும்.

முதலில் உருவம்

விண்கலத்துக்கு வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரையத் தேவையில்லை. நம் கடலில் திருக்கை இருக்கிறது. தட்டையான அகன்ற உடல், மெலிந்து முடியும் சிறகு, நீண்ட வால். உடல் 8 அடி நீளம், 6 அடி அகலம், வால் 4 அடி என்று வைத்துக்கொள்வோம். பின்புறம் இரண்டு இயந்திரக் குழல்கள், மேலே ஒரு செதில்.

மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னிருந்து என மூன்று பார்வைகளை பத்தில் ஒரு பங்கு அளவில் வரைய வேண்டும். அதே அளவில் களிமண்ணில் ஒரு சிறு உருவம் செய்து பார்ப்பது நல்லது. தாளில் தெரியாத பிழை கைக்குத் தெரியும். பிறகு அந்த உருவத்தை ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் எப்படித் தோன்றும் என்று குறுக்குவெட்டுகளை வரைந்து, நிலத்தில் முழு அளவில் பெருப்பிக்க வேண்டும். படகு வடிவமைப்பாளர்கள் செய்வதும் இதுதான்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். வார்த்த துண்டு அச்சிலிருந்து எப்படி வெளியே வரும்?

இதற்குச் சமையலறையே பாடம் சொல்லும். இட்டலித் தட்டின் குழி அடிப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் இட்டலி இலகுவாகக் கழன்று வரும். புட்டுக் குழல் மேலும் கீழும் ஒரே அகலம் என்பதால் பின்னாலிருந்து தள்ளித்தான் எடுக்க முடியும். குடத்துக்குள் எதையாவது உறைய வைத்தால் குடத்தை உடைத்தாக வேண்டும். அச்சின் சுவர்கள் எப்போதும் இட்டலிக் குழிபோல் வெளிப்பக்கமாக விரிந்திருக்க வேண்டும். குறைந்தது 2 அல்லது 3 பாகை சாய்வு வேண்டும். குடம்போல் உள்மடியும் வடிவம் எங்காவது வந்தால், அந்த இடத்தில் அச்சை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

திருக்கை வடிவத்தின் வசதி இங்கேதான் தெரியும். சிறகின் விளிம்பே இயற்கையான பிரிகோடு. மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று. இயந்திரக் குழல்கள் இரண்டும் ஒரே மாதிரி என்பதால் ஓர் அச்சில் இருமுறை வார்க்கலாம். வாலும் செதிலும் தனித்துண்டுகள். இவற்றை ஆணி பூட்டி இணைத்தால் முழு விண்கலம். கழற்றினால் ஒரு சிறிய லொறியில் ஏறும்.

மூல உரு

அடுத்தது மூல உரு. இதைத் தொழிலில் ‘பிளக்’ என்பார்கள். முடிந்த பொருள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே, அதே அளவில் செய்யப்படும் உருவம் இது. இதிலிருந்துதான் அச்சு எடுக்கப்படும்.

குறுக்குவெட்டு வடிவங்களைப் பிளைவூட்டில் அறுத்து, ஓர் அடி இடைவெளியில் நிறுத்தி, மேலே மெல்லிய மரச் சட்டங்களை அடித்து மூட வேண்டும். இடைவெளிகளை ரெஜிபோமால் நிரப்பலாம் என்று பலருக்குத் தோன்றும். நிரப்பலாம், ஆனால் அதன்மேல் நேரடியாகப் பொலியெஸ்டர் ரெசின் பட்டால் ரெஜிபோம் கரைந்துவிடும். முதலில் அதன்மேல் பிளாஸ்டர் போன்ற ஒரு தடுப்புப் பூச்சு வேண்டும்.

பிறகு புட்டி பூசித் தேய்ப்பது. கரடுமுரடான சாண்ட் பேப்பரில் தொடங்கி, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மிக மென்மையான தாள் வரை போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. மூல உருவிலுள்ள ஒரு கீறல் அச்சில் பதியும், அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு பிரதியிலும் பதியும். இங்கே மிச்சம்பிடித்த ஒரு நாள் பின்னால் ஒவ்வொரு தடவையும் கணக்குக் கேட்கும்.

மேற்பரப்பு நுணுக்கங்களையும் இப்போதே ஒட்டிவிட வேண்டும். போத்தல் மூடி, பிவிசி குழாய்த் துண்டு, பழுதான வானொலியின் உதிரிகள் எல்லாம் விண்கலத்தின் உறுப்பாகும். ‘டிஸ்கவரி’யைக் கட்டியவர்களும் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். ஒட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் இட்டலிக் குழியின் சாய்வு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அச்சு

பளபளப்பான மூல உருவின்மேல் மெழுகு பூசித் துடைக்க வேண்டும். புதிய உரு என்றால் ஐந்தாறு தடவை. மேலே பிவிஏ என்ற பிரிபடலத் திரவத்தைப் பூசிக் காயவிட வேண்டும். இந்தப் படி தவறினால் அச்சும் உருவும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கான உழைப்பு வீண்.

பிரிகோட்டைச் சுற்றிப் பிளைவூட்டால் தற்காலிகத் தடுப்பு ஒன்றை அடித்து, முதலில் மேற்பாதிக்கான அச்சை எடுக்க வேண்டும். முதற்படை ஜெல்கோட் என்ற தடித்த பூச்சு. அது இறுகியதும் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் படை படையாக வரும். முதற்படையை மெல்லியதாகப் போட்டு ஒருநாள் விட வேண்டும். எல்லாப் படையையும் ஒரே மூச்சில் போட்டால், ரெசின் இறுகும்போது எழும் வெப்பத்தில் அச்சு சுருங்கி வளையும். பிறகு தடுப்பைக் கழற்றி, அந்த விளிம்புக்கும் மெழுகிட்டு, மறுபாதியை எடுக்க வேண்டும். இரு விளிம்புகளும் சேர்ந்திருக்கும்போதே ஆணித் துளைகளைப் போட்டுவிட்டால் எப்போது பூட்டினாலும் சரியாகப் பொருந்தும்.

பொதுவான தொழில் விதி ஒன்று உண்டு. அச்சு, அதில் வார்க்கப்படும் பொருளைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் மரச் சட்டமோ குழாய்ச் சட்டமோ பொருத்திய பிறகுதான் மூல உருவிலிருந்து கழற்ற வேண்டும்.

வார்ப்பு

இப்போது அச்சின் உட்புறத்தில் வேலை. மீண்டும் மெழுகு, பிறகு விரும்பிய நிறத்தில் ஜெல்கோட், சுமார் அரை மில்லிமீற்றர் தடிப்பில். விரலால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக்கூடாது. அதுதான் பாய் விரிக்கும் பதம்.

சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் பரவலாகப் பயன்படுவது. ரெசின் நன்றாக ஊறிய ஒரு படை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். ரெசினை இறுகச் செய்வது ஹார்ட்னர். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை. எங்கள் வெயிலுக்குக் குறைந்த பக்கமே போதும். அதிகாலையில், நிழலில், ஒருமுறைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காமல் வேலை செய்வது நல்லது. கலந்ததைப் பூசாமல் வாளியில் விட்டால் சூடேறிப் புகைக்கும்.

ரோலரால் அழுத்தி உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். பாயில் வெள்ளை தெரிந்தால் ரெசின் போதவில்லை. ரெசின் குளம்போல் நின்றால் கூடிவிட்டது. பாயின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் என்பதுதான் கணக்கு. பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அந்த இழையைப் பிடித்துவைக்கும் பசை. ரெசின் கூடினால் பொருள் பாரமாகும், நொருங்கும். தரக்குறைவான படகு பிறப்பது இந்த இடத்தில்தான். போதாத இழை, உருட்டி வெளியேற்றாத காற்று, இறுகும் முன்னே அச்சிலிருந்து கழற்றும் அவசரம் ஆகிய மூன்றையும் வெளிப்பூச்சின் பளபளப்பு மறைத்துவிடும். கடலில் ஓரிரு பருவம் அடித்த பிறகுதான் வெடிப்புத் தெரியும்.

விண்கலத்துக்கு இரண்டு படை போதும். விளிம்பிலும் ஆணி பூட்டும் இடங்களிலும் நான்கு. மறுநாள் மர ஆப்புகளைச் சுற்றிவர மெதுவாகத் தட்டினால் ஓடு கழன்று வரும்.

உடம்பைக் காக்க

இதை ஒரு பந்தியிலாவது சொல்லாமல் விடக்கூடாது. ரெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி தலையிடியும் மயக்கமும் தரும். துணியைக் கட்டினால் அது நிற்காது, இரசாயன ஆவிக்குரிய வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகக்கூடும், கண்ணாடி அணியாமல் தொடக்கூடாது. ரெசினை விரைவாக இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே ஹார்ட்னர். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலையும் நெஞ்சையும் பதம்பார்க்கும். வெறுங்காலும் சாரமுமாக இந்த வேலையைச் செய்வோர் நம்மிடையே உண்டு. மாணவர்களைச் சேர்ப்பதானால் இந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

எடைக் கணக்கு சொல்வது

நாம் வரைந்த திருக்கை விண்கலத்தின் மொத்த மேற்பரப்பு சுமார் 7 சதுர மீற்றர். இரண்டு படைக்கு 6.3 கிலோ பாய், 14.5 கிலோ ரெசின், 4 கிலோவளவில் ஜெல்கோட். சேதாரத்தை விட்டால் விண்கலத்தின் எடை 25 கிலோ. இரண்டு மாணவர்கள் தூக்கிப்போகலாம்.

அச்சுக்கு ஐந்து படை என்று வைத்தால், பாயும் ரெசினும் மட்டும் 50 கிலோவைத் தாண்டும். அதற்கு முன்னர் மூல உருவுக்குப் போன பிளைவூட், புட்டி, வாரக்கணக்கான தேய்ப்பு வேறு. ஒரே ஒரு விண்கலத்துக்காக அச்சு எடுப்பது நட்டம். ஆனால் இரண்டாவது விண்கலத்துக்கு 25 கிலோ பொருளும் இரண்டு மூன்று நாள் வேலையும்தான் செலவு. பத்தாவதுக்கும் அதே. மெழுகிட்டுப் பேணினால் ஓர் அச்சிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம்.

ஆகவே இந்தத் தொழிலின் முதல் அச்சில் இருக்கிறது. அச்சு யாரிடமோ, உருவத்தைத் தீர்மானிப்பவரும் அவரே. புதிதாக மூல உரு செய்வது செலவு என்பதால், இருக்கும் படகு ஒன்றின்மேல் அச்சை எடுத்துப் பிரதி செய்வது சிறிய தொழிலகங்களில் எளிய வழியாகிவிடுகிறது. அப்படி எடுக்கும்போது பழைய படகின் கோணலும் சேர்ந்தே வரும். வேறொரு கரைக்காக வரையப்பட்ட படகின் உருவம், முருகைக்கல் அடித்தளமும் சோளகக் காற்றும் வாடைக் காற்றும் உள்ள நம் கரைக்கு வந்து சேர்ந்துவிடும்.

நிவாரணப் பட்டியல்களைப் புரட்டினால் படகு, வலை, இயந்திரம் இருக்கும். படகு கொடுத்தால் ஒரு குடும்பம் தொழிலுக்குப் போகும், அது பெரிய உதவி. ஆனால் அந்தப் படகு பழுதாகும் நாளில் அந்தக் குடும்பம் மறுபடியும் யாரிடமோ கைநீட்ட வேண்டும். கையில் அச்சும், அச்சுக்கு மூல உரு செய்யத் தெரிந்தவரும் இருந்தால் நிலைமை வேறு.

விண்கலம் இங்கேதான் உதவுகிறது. மூல உரு செய்வதைப் படகில் பழகுவது ஆபத்து, பிழை விட்டால் உயிர் போகும். விண்கல மாதிரியில் பிழை விட்டால் யாரும் மூழ்கமாட்டார்கள். குறுக்குவெட்டு வரைவது, பிரிகோடு தீர்மானிப்பது, படைக் கணக்குப் போடுவது என்று படகுக்கு வேண்டிய அறிவெல்லாம் இதிலேயே வந்துவிடும். மாணவருக்கும் இதில் ஆர்வம் இருக்கும். ‘மீன்பிடிப் படகு கட்டப் பழக வா’ என்றால் வராத பிள்ளை, ‘விண்கலம் கட்டலாம் வா’ என்றால் வரக்கூடும்.

உருவம் கட்டும் கை நம்மிடம் இல்லாமற் போகவில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் விசித்திரப் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மூங்கிலையும் தாளையும் கொண்டு, அசையும் உறுப்புகளோடு பறக்கும் உருவங்களைச் செய்கிற இளைஞர்களுக்குத் திருக்கை விண்கலத்தின் குறுக்குவெட்டு கடினமாக இராது. ரெசினும் ரோலரும் தெரிந்த கைகள் படகு திருத்தும் கொட்டகைகளில் இருக்கின்றன. வரைபடமும் பலக் கணக்கும் தெரிந்தவர்கள் கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் ஒரே கொட்டகையில் சந்திப்பதற்கு ஒரு காரணம் தேவை. பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கான ஒரு விண்கலம் அந்தக் காரணமாக இருக்கலாம்.

12 அடி பெரிது என்று தோன்றினால் 3 அடியில் தொடங்கலாம். நீளம் நாலில் ஒன்றானால் மேற்பரப்பு பதினாறில் ஒன்றாகும். இரண்டு கிலோவுக்குக் குறைவான பொருளில் ஒரு பிரதி வந்துவிடும். பிழையான பிரதிகளை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் காற்று நின்றது, எந்த இடத்தில் ரெசின் கூடியது என்று அறுத்துப் பார்ப்பதற்கு அவற்றைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. அப்படி அறுத்துப் பார்த்துப் பழகிய பிள்ளை, நாளைக்குக் கரையில் கிடக்கும் ஒரு படகைத் தட்டிப் பார்த்தே அது எத்தனை சோளகம் தாங்கும் என்று சொல்லும்.